காரின் முகத்தை மாற்றும் முன்

புதிய கார் வீட்டுக்கு வந்த ஓராண்டுக்குள் நம்மில் பலருக்கு ஓர் ஆசை எழுகிறது. அதே நிறத்தில், அதே விலையில், அதே மாதத்தில் ஆயிரம் பேர் வாங்கிய காரிலிருந்து நம்முடையது சற்றே வேறுபட்டுத் தெரிய வேண்டும். முன்பக்க பம்பருக்குக் கீழே உதடுபோல் நீளும் ஒரு பட்டை, கதவுகளுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டங்கள், பின்பக்கக் கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்பாய்லர், கிரில்லில் குரோமியத்துக்குப் பதிலாக மின்னும் கறுப்பு. இன்னும் சற்று துணிந்தவர்கள் பம்பரையே கழற்றிவிட்டுப் பந்தயக் காரின் சாயலுள்ள வேறொன்றைப் பூட்டுகிறார்கள்.

வங்கியின் இதழ் என்றால் இதை வீண் செலவு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும் என வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. லாரியின் நெற்றியில் வண்ணப் பட்டைகளும், ஆட்டோவின் முதுகில் பிள்ளைகளின் பெயர்களும் எழுதிக்கொள்ளும் நாடு இது. உழைத்துச் சேர்த்த பொருளைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் விருப்பம் இயல்பானது. அந்த விருப்பம் பம்பரில் கைவைக்கும்போது மட்டும் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனெனில் பம்பர் ஓர் ஆபரணம் அன்று. பார்வைக்கு ஆபரணம்போல் இருக்கும் ஒரு பாதுகாப்பு உறுப்பு.

இந்த ஆசைக்கு நம் நாட்டில் தனியான ஒரு வரலாறு உண்டு. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில் பம்பர் என்பது குரோமியம் பூசிய எஃகுப் பட்டை. அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பதே பெரிய அலங்காரம். பிளாஸ்டிக் பம்பர்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. விலை குறைந்த வகையில் பம்பர் வண்ணம் பூசப்படாமல் கறுப்பாகவே இருந்தது. விலை கூடிய வகையில் அது காரின் நிறத்திலேயே வந்தது. தெருமுனையில் நிற்பவருக்கும், பம்பரைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த வகை என்று தெரிந்துவிடும். எனவே அடிப்படை வகையை வாங்கிய குடும்பங்கள் முதல் வேலையாக பம்பருக்கு வண்ணம் பூசின. சக்கரத்துக்கு மூடி, கைப்பிடிக்கு வண்ணம், பக்கத்தில் ஒரு பட்டை என்று அது தொடர்ந்தது. இன்று விற்கப்படும் ஸ்போர்ட்ஸ் கிட்டுகளின் பூர்வீகம் பந்தயத் திடலில் இருக்கலாம். நம் தெருக்களில் அதன் பூர்வீகம் அந்தக் கறுப்பு பம்பர்தான். ஒரு வகுப்பு கீழே இருப்பதாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம் அது.

இன்னொரு விந்தையும் உண்டு. நம் சிறிய கார்களின் பம்பர் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதற்கு வடிவமைப்பாளரின் ரசனைக் குறைவு காரணம் அன்று. வரிச் சட்டமே காரணம். 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்பதற்கான முக்கிய நிபந்தனை, நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது. 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-இல் பின்பக்கம் வெட்டப்பட்டு 3,995 மில்லிமீட்டராக மறுபிறவி எடுத்தது இதனால்தான். சரக்கு, சேவை வரியிலும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், எஞ்சின் அளவு வரம்பையும் நிறைவு செய்யும் நான்கு மீட்டருக்குட்பட்ட கார்களுக்கு 18 சதவீதம், அவற்றைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களில் நாம் பார்த்து மயங்கும் அதே காரின் நீண்ட மூக்கு இங்கே வரும்போது சப்பையாகிவிடுவதற்குப் பல சமயம் காரணம் அந்த நான்கு மீட்டர்தான். துணைக்கருவிக் கடைகளின் வியாபாரத்தில் ஒரு பங்கு நிதி அமைச்சகத்தின் புண்ணியத்தில் நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சரி, பம்பர் என்பது என்ன? வெளியே நாம் பார்ப்பது, துடைப்பது, கீறல் விழுந்தால் வருந்துவது எல்லாம் பம்பரின் தோல் மட்டுமே. பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் வளையக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆன, சில மில்லிமீட்டர் கனமுள்ள தோல். அதற்குப் பின்னால் எஃகிலோ அலுமினியத்திலோ ஆன குறுக்குத் தண்டு ஒன்று காரின் அடிச்சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. பல கார்களில் இரண்டுக்கும் நடுவே அதிர்ச்சியை உறிஞ்சும் நுரைக்கட்டையும் இருக்கும். மோதலின்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவை எவ்வளவு நசுங்குகின்றனவோ அந்த அளவுக்கு உள்ளே இருப்பவர்களின் உடலுக்கு அதிர்ச்சி குறையும். பழைய எஃகு பம்பரைப் போற்றுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அது வளையாமல் நின்றது உண்மை. வளையாததால் அந்த விசை முழுவதும் பயணிகளிடம் போய்ச் சேர்ந்ததும் உண்மை.

காற்றுப்பைகள் எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் உணரிகளும் முன்பக்கக் கட்டமைப்பை நம்பியே இருக்கின்றன. அந்தக் கட்டமைப்பு எந்த வேகத்தில் எப்படி நசுங்கும் என்று தயாரிப்பாளர் சோதித்து, அதற்கேற்பவே உணரிகளின் கணக்கை அமைக்கிறார். அதற்கு முன்னால் ஒரு கனமான இரும்புக் குழாயை நிறுத்தினால் அந்தக் கணக்கு குலைகிறது. நடந்து செல்பவரின் கால் பட்டால் சற்றே தணிய வேண்டிய முகம், தடித்த கம்பியாகிவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதி, அனுமதியின்றிப் பொருத்தப்படும் இத்தகைய இரும்புக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அதன் பிறகும் நெடுஞ்சாலைகளில் இவற்றைப் பார்க்கிறோம். மாட்டின் மீதோ சுவரின் மீதோ மோதினால் காருக்கு ஒன்றும் ஆகாது என்று அவற்றை விற்பவர் சொல்வார். காருக்கு ஒன்றும் ஆகாதபோது யாருக்கு ஆகிறது என்பதை அவரிடம் கேட்க வேண்டும்.

பின்பக்க பம்பரிலும் இன்று வெறும் பிளாஸ்டிக் மட்டும் இல்லை. 2019 ஜூலை முதல் பயணிகள் கார்களில் பின்னோக்கி நிறுத்த உதவும் உணரிகள் கட்டாயம். அவை பதிந்திருக்கும் இடம், உயரம், கோணம் எல்லாம் அளந்து வைக்கப்பட்டவை. அழகுக்காக மாற்றும் பம்பரில் அந்தத் துளைகள் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால், தரையைப் பார்த்துக் காரணமின்றிக் கத்தும் காராகவோ, பின்னால் நிற்கும் குழந்தையைப் பார்த்தும் மௌனமாக இருக்கும் காராகவோ அது மாறக்கூடும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் காருக்குக் கிடைத்த நட்சத்திரங்களைப் பார்த்து வாங்குகிறோம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது தயாரிப்பாளர் கொடுத்த காரை. கடையில் முகம் மாற்றிக்கொண்ட காரை அன்று.

ஆகவே ஒரு கோட்டை நாம் தெளிவாக இழுத்துக்கொள்ளலாம். தோலின் மேல் ஒட்டப்படும் பட்டைகள், கிரில் அலங்காரம், சிறிய ஸ்பாய்லர், பக்கச் சட்டங்கள் ஆகியவை ஒரு பக்கம். இவை சரியாகப் பொருத்தப்பட்டால் பெரிய கேடு எதுவும் இல்லை. பம்பரின் தோலையே மாற்றுவது அடுத்த நிலை; அதைத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற உதிரியாக இருந்தால் மட்டுமே ஏற்கலாம் என்பது நம் நிலைப்பாடு. குறுக்குத் தண்டையோ நுரையையோ அகற்றுவதும், சென்சார் வயர்களை வெட்டி ஒட்டுவதும், இரும்புக் காப்பு பொருத்துவதும் எந்த விலையிலும் வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் பம்பரை நிறுவனமே பொருத்தித் தரும் கார்களைப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் விளங்கும். இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாடா மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018-இல் சந்தைக்கு வந்தது. புதிய பம்பர், பானெட்டில் காற்றுத் துளைகள், பக்கச் சட்டங்கள் என்று வெளித்தோற்றம் மாறியிருந்தது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சாதாரண டியாகோவின் சுமார் 85 குதிரைத்திறனுக்குப் பதிலாக டர்போ எஞ்சின் 114 தந்தது, சஸ்பென்ஷன் மாற்றியமைக்கப்பட்டது, டயர்கள் அகலமாயின. ஹூண்டாய் 2021-இல் கொண்டுவந்த ஐ20 என் லைனும் அப்படியே. வெளியே சிவப்புக் கோடுகள் வரைந்த பம்பர்; உள்ளே இறுக்கமான சஸ்பென்ஷன், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். அங்கே பம்பர் சொல்வதை எஞ்சினும் பிரேக்கும் காப்பாற்றுகின்றன. கடையில் வாங்கிய பம்பரை அணிந்த சாதாரண கார் அதே சொல்லைச் சொல்கிறது. காப்பாற்ற உள்ளே எதுவும் இல்லை. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. புதிய உடை அணிந்தவுடன் நடையும் மாறிவிடும் மனித சுபாவத்தை மட்டும் ஓட்டுநர், குறிப்பாக வீட்டின் இளைய ஓட்டுநர், நினைவில் வைத்திருந்தால் போதும். பிரேக் பழைய பிரேக்தான்.

ஸ்பாய்லரால் கார் தரையை இறுகப் பற்றும் என்று சொல்வதும் நகர வேகத்துக்குப் பொருந்தாது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவது. ஓடுதளத்தில் பயன்படுவது, சந்தைத் தெருவில் நாற்பதில் போகும்போது வெறும் அழகுதான். தாழ்ந்த உதட்டின் விஷயம் அதைவிடக் கண்கூடானது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் தெருவில் ஒரே இரவில் முளைக்கும் வேகத்தடைகளைப் போட்டவர்கள் அந்த அளவைப் படித்தவர்கள்போல் தெரியவில்லை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் உதட்டின் அடி தேய்ந்துவிடும்.

தில்லியின் கரோல் பாக், மும்பை குர்லாவின் சிஎஸ்டி சாலை, பெங்களூரின் ஜேசி சாலை, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று ஒவ்வொரு பெருநகரிலும் இதற்கென்று ஒரு தெரு உண்டு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அன்று; எதனால் ஆனது, எப்படிப் பொருத்தப்போகிறார்கள் என்பதே. கண்ணாடி இழையால் ஆனது மலிவு, ஆனால் லேசான மோதலில் விரிசல் விட்டு உடையும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதைவிட மேல். கதவின் அடியில் உலோகத்தைத் துளைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தத் துளைதான் இரண்டு மழைக்காலத்துக்குப் பின் துருவாகத் திரும்பி வரும். பக்கச் சட்டங்கள் கதவடித் தளத்தின் நீர்வடிகால் துளைகளையும், டயர் மாற்ற ஜாக்கி வைக்கும் இடத்தையும் மூடிவிடுவதும் உண்டு. பஞ்சரான இரவில்தான் அது தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளருக்குத் தண்டனை வகுத்தது. பொருத்தித் தந்த கடைக்காரர் அல்லர், உரிமையாளர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப் பட்டை சான்றிதழின் விவரம் எதையும் மாற்றுவதில்லை. காரின் நிறம் சான்றிதழில் உள்ள ஒன்று; பம்பரோடு சேர்த்துக் காரையே வேறு நிறமாக்க நினைப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முதலில் அணுக வேண்டும். புதிய பம்பரில் இடம் இல்லை என்று உயர்பாதுகாப்பு எண்பலகையைச் சாய்த்தோ மறைத்தோ வைப்பதும் வேண்டாத வம்பு.

இனிப் பணத்துக்கு வருவோம். விற்பனையகத்தில் கார் பதிவு செய்யும் மேசையிலேயே துணைக்கருவித் தொகுப்பு ஒன்றை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. "கடனோடு சேர்த்துவிடலாம், மாதம் ஆயிரம் ரூபாய்கூட வராது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாய்த் தொகுப்பை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனில் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 965 ரூபாய். ஆயிரம் வராது என்றது உண்மைதான். ஆனால் 84 மாதங்களில் கட்டுவது ஏறத்தாழ 81,000 ரூபாய். நான்காம் ஆண்டு முடிவில் இன்னும் சுமார் 30,000 ரூபாய் பாக்கி இருக்கும். அப்போது அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளின் வண்ணம் வெளுத்திருக்கும். கடன் கொடுப்பது வங்கியின் தொழில் என்றாலும், நம் கருத்தை மறைக்க வேண்டியதில்லை: அலங்காரத்தைச் சேமிப்பிலிருந்து செய்துகொள்ளுங்கள், கடனிலிருந்து வேண்டாம். வாங்குவதற்கு முன்பே இந்த 60,000 கையில் இருக்கிறது என்றால், அதே காரின் ஒரு படி மேலான வகையையும் விசாரித்துப் பாருங்கள். கூடுதல் காற்றுப்பைகளோ, வழுக்கலில் காரைக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதியோ சில கார்களில் அந்த ஒரு படியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிறகு எந்தத் தெருவிலும் வாங்கிப் பொருத்த முடியாது. பம்பரைப் பொருத்த முடியும்.

காப்பீட்டில் பலர் அறியாத இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, பாலிசியில் காணும் ஐடிவி என்னும் காப்பீட்டு மதிப்பு, தயாரிப்பாளரின் விலைப்பட்டியலை வைத்துக் கணக்கிடப்படுவது. நாமாகச் சேர்த்த ஸ்பாய்லரும் பக்கச் சட்டமும் அதில் இல்லை. அவற்றின் ரசீதைக் காட்டி, மதிப்பைத் தனியே எழுதச் செய்து, அதற்குரிய பிரீமியத்தைக் கட்டினால்தான் இழப்பீடு உண்டு. மதிப்பும் ஆண்டுதோறும் குறையும்: மூன்று ஆண்டு கடந்தால் 40 சதவீதம், நான்கு கடந்தால் 50 சதவீதம் கழிவு. இரண்டாவது, பிளாஸ்டிக் உறுப்புகளுக்குச் சாதாரண பாலிசியில் தேய்மானக் கழிவு 50 சதவீதம். அதாவது 20,000 ரூபாய் பம்பர் உடைந்தால் 10,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். தேய்மானமில்லா பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தப் பாதிக் கழிவு இல்லை. கண்ணாடி இழை உறுப்புகளுக்குக் கழிவு 30 சதவீதம். மலிவான பொருளுக்குக் காப்பீட்டில் அதிக மரியாதை என்பது வேடிக்கைதான்.

சிறு உரசலுக்கெல்லாம் உரிமை கோருவதும் லாபம் அன்று. ஐந்து ஆண்டுகள் கோரிக்கையின்றிச் சேர்த்த 50 சதவீதச் சலுகை, ஒரு பம்பர் வண்ணத்துக்காக அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். கார் கடனில் இருக்கும்வரை சான்றிதழில் வங்கியின் பெயரும் அடமானக் குறிப்பாக நிற்கிறது. ஆகவே பெரிய மாற்றம் எதுவாயினும் கிளைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது முறை.

மாற்றியவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கழற்றிய அசல் பம்பரை, அதன் கொக்கிகளும் திருகுகளும் அடங்கிய சிறு பையோடு, துணி சுற்றிப் பரணில் ஏற்றி வையுங்கள். கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு ஓரிரு ஆயிரம் குறைப்பதாகச் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். ஐந்தாறு ஆண்டுகளில் காரை விற்கப் போகும்போது பழைய கார் வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பது முன்பக்கத்தைத்தான். அசலாக இல்லாத முகத்தைப் பார்த்தால் விபத்து நடந்திருக்குமோ என்று ஐயப்படுவார்; அந்த ஐயத்தின் விலையைக் காரின் விலையிலிருந்து கழித்துவிட்டே பேசத் தொடங்குவார். அன்று காலை பரணிலிருந்து இறக்கி மாட்ட ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு மணி நேரம் போதும்.